ஆ முனையில் ஒரு தம்பி

ஜனவரி 9

அன்புள்ள அக்கா,

கடிதத்தைப் பார்த்ததும் யாருக்கு என்ன ஆயிற்றோ என்று பதறாதே. ஒன்றும் ஆகவில்லை. போனில் பேசினால் நான் முதல் வாக்கியத்தை முடிப்பதற்குள் நீ மூன்றாவது வாக்கியத்துக்குப் பதில் சொல்லிவிடுகிறாய். போன வருஷம் நான் இன்ஷூரன்ஸ் வேலையை விட்டபோது அப்படித்தான் ஆயிற்று. "இனிமே உன் வழி உனக்கு, என் வழி எனக்கு" என்று சொல்லிப் போனை வைத்தாய். அதற்குப் பிறகு நம் இருவர் வீட்டுப் போனும் ஊமையாகிவிட்டது. காகிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது, பார்.

எனக்கு வேலை கிடைத்துவிட்டது. பெரிய ஆஸ்பத்திரி. ஆபரேஷன் முடிந்தவர்களை மயக்கம் தெளியும்வரை படுக்கவைக்கிற அறையில் நான் அட்டெண்டர். டிராலியைத் தள்ளிக்கொண்டு வந்து, ஆளைக் கட்டிலுக்கு மாற்றி, போர்வை போர்த்திவிட்டு, பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்க வேண்டும். நாடி, ரத்த அழுத்தமெல்லாம் நர்ஸுகள் பார்த்துக்கொள்வார்கள். கண் திறக்கும்போது எதிரே ஒரு முகம் இருக்க வேண்டும். அந்த முகம்தான் என் உத்தியோகம்.

நீளமான அறை. வெளியே பார்க்கிற ஜன்னல் ஒன்றுதான், அதற்கும் வெளிர்பச்சைத் திரை. காலை வெயில் அதன் வழியாக வந்து தரையில் விழும்போது, அறை முழுக்கத் தண்ணீருக்கு அடியில் இருக்கிற மாதிரி இருக்கும். எல்லோரும் ஆழத்திலிருந்து மெதுவாக மேலே வந்துகொண்டிருப்பார்கள். வருகிற வழியில் பேசுகிறார்கள் அக்கா! நேற்று ஒரு தையல்காரர் கண்ணைத் திறக்காமலேயே, "கேட்டைச் சாத்துப்பா, கடல் உள்ள வருது" என்றார்.

"சாத்திட்டேன்" என்றேன்.

"தாழ்ப்பாள்?"

"போட்டாச்சு."

"அப்ப சரி" என்று பெருமூச்சு விட்டார். இன்னும் கொஞ்ச நேரம் தூங்கினார். பிறகு அழாமல், பயப்படாமல் எழுந்தார். பக்கத்துக் கட்டிலில் இருந்தவரை நர்ஸ் ஒருத்தி தட்டித் தட்டி, "பேர் சொல்லுங்க, பேர் சொல்லுங்க" என்று கேட்டதில் அந்த மனிதர் கத்தி ஊரைக் கூட்டிவிட்டார்.

எங்கள் தலைமை நர்ஸை எல்லோரும் பெரிய சிஸ்டர் என்போம். அவர் என்னைத் திட்டாத நாளில்லை. டிராலியின் பிரேக்கைப் போட மறந்துவிடுகிறேன், போர்வையை மாற்றி வைத்துவிடுகிறேன். ஆனாலும் பயந்த ஆசாமி யாராவது வந்தால், "அந்தத் தூங்குமூஞ்சியக் கூப்பிடு" என்கிறார்.

இப்போது நான் தற்காலிகம். மார்ச்சில் நிரந்தரமாக்குவார்கள். அதற்கு முன்னால் எங்களுக்கெல்லாம் ஒரு குணநலத் தேர்வு வைக்கப்போகிறார்களாம். யார் எந்த வேலைக்குப் பொருத்தம் என்று அது சொல்லிவிடுமாம். எனக்கு இந்த அறை வேண்டும் அக்கா. வாழ்க்கையில் முதல் தடவையாக, வேலை முடிந்து வீட்டுக்குப் போக மனசு வராமல் நிற்கிறேன். குணநலத் தேர்வு உன் தொழிலாயிற்றே, அதனால்தான் உனக்கு எழுதத் தோன்றியது.

அத்தானை விசாரித்ததாகச் சொல்.

தம்பி


ஜனவரி 17

தம்பிக்கு,

கடிதம் வந்தது. உன் அத்தான்தான் பிரித்துப் படித்தார். "கும்பகர்ணனே ஊரை எழுப்புற வேலைக்குப் போயிருக்கான்" என்று அரை நாள் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இன்ஷூரன்ஸ் ஆபீஸ் மேனேஜர் இன்றைக்கும் என்னைத் தெருவில் பார்த்தால் எதிர்ப்பக்கம் போய்விடுகிறார். உனக்காக அந்த மனிதரிடம் எத்தனை தடவை பல்லைக் காட்டினேன் தெரியுமா? நாற்காலி சூடாவதற்குள் எழுந்து வந்துவிட்டாய். கேட்டால், "ஜன்னலுக்கு வெளிய ஒரே சுவர்தான் தெரியுது" என்கிறாய். சம்பளம் தருகிறவன் சுவரைத்தான் காட்டுவான், மலையையா காட்டுவான்?

சரி, அதை விடுகிறேன். (விடவில்லை. தள்ளிவைக்கிறேன்.)

படித்த படிப்புக்கு டிராலி தள்ளுகிற வேலையா என்று கேட்கத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் உன் கடிதத்தில் ஒரு சந்தோஷம் இருக்கிறது, அது எனக்குப் பழக்கமில்லாதது. அதனால் கேட்காமல் விடுகிறேன்.

தையல்காரர் விஷயம் மட்டும் எனக்கு ஒத்துவரவில்லை. கடல் உள்ளே வருகிறது என்று ஒருவர் சொன்னால், "இங்கே கடல் இல்லை ஐயா, இது ஆஸ்பத்திரி" என்று சொல்வதுதானே முறை? இல்லாத கேட்டுக்குத் தாழ்ப்பாள் போடுவதற்கு ஒரு சம்பளமா?

தேர்வைப் பற்றிச் சொல்கிறேன், கேட்டுக்கொள். ஒவ்வொரு கேள்விக்கும் அ, ஆ என்று இரண்டு பதில் இருக்கும். சரி, தவறு என்று எதுவும் கிடையாது. முதலில் மனதில் பட்டதைக் குறி. புத்திசாலியாகக் காட்டிக்கொள்ளப் பார்க்காதே. நீ நீயாக இரு. அது ஒன்றாவது உனக்கு ஒழுங்காக வரும் என்று நினைக்கிறேன். இந்த மாதிரித் தேர்வுகள் தயாரிக்கிற நிறுவனங்கள் நாலைந்து இருக்கின்றன. உங்களுக்கு யாருடையது என்று கேட்டுச் சொல்.

பிரேக்கைப் போட மறக்காதே. டிராலியில் இருப்பவர் பாவம்.

அக்கா


பிப்ரவரி 6

அன்புள்ள அக்கா,

யாருடையது என்று கேட்டாயே. உன்னுடையதுதான்.

அட்டையில் உங்கள் நிறுவனத்தின் பெயர் இருந்ததாம், நான் கவனிக்கவில்லை. கேன்டீனில் மேஜைகளைத் தள்ளிப் போட்டு உட்காரவைத்தார்கள். முதல் பக்கத்தைத் திருப்பினேன். 'திடீரென்று மழை பிடிக்கிறது. கொடியில் துணி காய்கிறது. நீங்கள், (அ) ஓடிப்போய்த் துணியை எடுப்பீர்கள். (ஆ) மழையைப் பார்த்துக்கொண்டு நிற்பீர்கள்.'

துணியை வாரிக்கொண்டு ஓடியது நீ. நின்றது நான். அன்றைக்கு என் பள்ளிச் சட்டையைக் காட்டி நீ போட்ட சத்தம் எனக்குக் கேட்டது. அட்டையைத் திருப்பிப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று.

அடுத்த கேள்வி, கடைக்குப் போன வழியில் வேடிக்கை பார்த்து, வாங்க வேண்டியதை மறந்து வருபவரைப் பற்றி. அதற்கடுத்தது, பென்சில் சீவ உட்கார்ந்து சீவல்களைப் பூவாக அடுக்கிக்கொண்டிருப்பவரைப் பற்றி. இன்னும் கொஞ்சம் தள்ளி, 'ஒருவர் நடக்காத ஒன்றை நடந்ததாகச் சொன்னால்' திருத்துபவரும் கேட்டுக்கொண்டிருப்பவரும். பக்கத்துக்குப் பக்கம் நாம் இருவர்தான் அக்கா. அ எல்லாம் நீ, ஆ எல்லாம் நான்.

பிறகு என்ன நடந்தது என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை. கேன்டீன் மங்கிவிட்டது. நம் பழைய சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருந்தேன். எதிரே நீ, தலையில் துண்டு கட்டிக்கொண்டு, "சீக்கிரம் சொல்லு, சீக்கிரம்" என்று மேஜையைத் தட்டிக்கொண்டிருந்தாய். என் பென்சில் தானாகப் போயிற்று. யாரோ தோளைத் தொட்டபோதுதான் கடைசிப் பக்கத்துக்கு வந்திருந்தது தெரிந்தது. நான்தான் எல்லோருக்கும் முதலில் முடித்தேனாம். என்ன குறித்தேன் என்று சத்தியமாக நினைவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு கொஞ்சம் வலித்தது. எத்தனை ஊர்களில் எத்தனை பேர் உன் தேர்வை எழுதியிருப்பார்கள்! அவர்களெல்லாம் என்னைப் படித்துப் பார்த்து, இது வேண்டாம் என்று அ-வுக்குப் போயிருப்பார்கள் இல்லையா? எனக்கே தெரியாமல் என்னை இத்தனை பேர் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

தம்பி


பிப்ரவரி 14

தம்பிக்கு,

முதலில் சிரித்துவிட்டேன், பிறகுதான் உறைத்தது. உங்கள் ஆஸ்பத்திரி எங்கள் வாடிக்கையாளர் என்று எனக்குத் தெரியாது. யார் வாங்குகிறார்கள் என்பதெல்லாம் இயக்குநர் பார்க்கிற விஷயம்.

எங்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது. கேள்வி எழுதுகிறவர்கள் அதன் இரண்டு முனையிலும் நன்றாகத் தெரிந்த, உயிரோடு இருக்கிற ஒருவரை நிறுத்திக்கொள்ள வேண்டும். கற்பனை ஆளை நிறுத்தினால் கேள்வி சப்பென்று போய்விடும். யாரை நிறுத்தினோம் என்று வெளியே சொல்லக் கூடாது. ஆனாலும் எங்களுக்குள் தெரியும். என் பக்கத்து மேஜைக்காரரின் கேள்விகளில் ஒரு முனையில் மனைவி, மறுமுனையில் மாமியார். அவர் எழுதிய தேர்வைப் படித்தாலே வீட்டில் அன்றைக்கு என்ன சண்டை என்று சொல்லிவிடலாம்.

என் அ முனையில் நானே நின்றேன். ஆ முனைக்கு உன்னை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்? ஆறு வருஷமாக உன்னைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒன்று சொல்கிறேன், தலைக்கேறிவிடாதே. அ-வை எழுதும்போது கை வேலை செய்யும். ஆ-வை எழுதும்போதுதான் எனக்கு வேலை இனித்தது.

உன்னை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. எந்த வேலைக்கு எந்த முனை வேண்டும் என்பதை வாங்குகிறவர்கள் முடிவு செய்கிறார்கள். வங்கிக்காரன் அ கேட்பான். மயக்கம் தெளிகிற அறைக்கு ஆ-வைத்தான் கேட்டிருப்பார்கள். அங்கே என்னை உட்காரவைத்தால் ஐந்தாவது நிமிஷம் நோயாளியின் தோளைப் பிடித்து உலுக்கிவிடுவேன். உன் அளவுக்குத் தைத்த சட்டையைத்தான் நீ போட்டுப் பார்த்திருக்கிறாய். பொருந்தாமல் எங்கே போகும்? அந்த ஸ்டூல் உனக்குத்தான், நிம்மதியாகத் தூங்கு. அதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, தெரியும்.

அக்கா


மார்ச் 2

அக்கா,

முடிவு வந்துவிட்டது. அப்படியே எழுதுகிறேன். 'ஒழுங்கில் பற்றுள்ளவர். விரைந்து முடிவெடுப்பவர். பிறர் தவற்றை உடனுக்குடன் திருத்துபவர். காத்திருப்பதை விரும்பாதவர். அட்டவணை, நிர்வாகம் சார்ந்த பணிகளுக்கு மிகவும் உகந்தவர்.'

இது யார் அக்கா? பெரிய சிஸ்டர் தாளை வாங்கி மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இது யாரோட பேப்பரு?" என்று கேட்டார். என் பேப்பர்தான். ஆள் மட்டும் நீ.

மூன்று நாள் யோசித்தேன், புரிந்துவிட்டது. நீ கேள்வி கேட்டால் நான் என்றைக்கு உண்மையைச் சொல்லியிருக்கிறேன்? "கை கழுவினியா?" "கழுவிட்டேன்." "பாடம் முடிச்சியா?" "முடிச்சிட்டேன்." "இந்த வேலையிலயாவது இருப்பியா?" "இருப்பேன்." உன் குரல் கேட்டால் உனக்குப் பிடித்த பதில் என் வாயில் தானாக வந்துவிடும். அப்படித்தான் இத்தனை வருஷமும் தப்பித்து வந்திருக்கிறேன். அன்றைக்குக் கேன்டீனில் கேட்டதும் உன் குரல்தான். துணியை எடுத்தேன், கடைக்குப் போய் ஒன்று விடாமல் வாங்கி வந்தேன், எல்லோரையும் திருத்தினேன். இந்த உலகத்தில் வேறு யார் எழுதிய தேர்வாக இருந்தாலும் எனக்கு இப்படி ஆகியிருக்காது.

ஆஸ்பத்திரியிலேயே அ முனையில் இவ்வளவு தூரம் போனது நான்தானாம். ஏப்ரல் முதல் ஆபரேஷன் அட்டவணை போடுகிற அலுவலகத்தில் எனக்கு மேஜை. எல்லோரும் கை குலுக்குகிறார்கள். பணியாளர் அதிகாரியிடம் போய், "சார், இது தப்பா வந்திருக்கு, நான் இப்படி இல்ல" என்று சொன்னேன். "ரொம்ப அடக்கம் வேண்டாம்ப்பா. நமக்கே நம்மளப் பத்தித் தெரியாததத்தான் இது கண்டுபிடிக்கும்" என்று முதுகில் தட்டி அனுப்பிவிட்டார். என் ஸ்டூலுக்கு வேறு ஆள் வந்தாயிற்று. ஜன்னலோரம் நான் வைத்திருந்த பூச்செடியைக்கூட அவர் நகர்த்தி வைத்துவிட்டார்.

உன்னிடம் நான் எதையும் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். இதை மாற்று அக்கா.

தம்பி


மார்ச் 10

தம்பிக்கு,

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். முதல் பத்தியைப் படித்ததும் துள்ளிவிட்டேன். "பாத்தீங்களா, உள்ளுக்குள்ள அவனும் என்னை மாதிரிதான்" என்று உன் அத்தானிடம் ஓடினேன். அவர் மீதியையும் படிக்கச் சொன்னார்.

படித்தேன். ஒரு வாரமாக அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஒருவர் இரண்டு வருஷத்துக்குள் மறுபடி தேர்வு எழுத எங்கள் விதியில் இடமில்லை. ஒரே ஒரு விலக்கு உண்டு. கேள்விகளுக்குப் பின்னால் நிற்பவர்கள் யார் என்று தேர்வு எழுதியவருக்குத் தெரிந்திருந்தது என்று, கேள்வி தயாரித்தவரே எழுதிக் கொடுத்தால் அந்த முடிவு செல்லாது. ஆனால் அப்படிக் கொடுத்துவிட்டால் அந்தத் தேர்வு வெளியே தெரிந்துபோன தேர்வு. எல்லா ஊரிலிருந்தும் திரும்பப் பெற்றுக் கிழித்துப் போடுவார்கள். நூற்றிருபது கேள்வி தம்பி. என் பெயர் போட்டு வந்திருக்கிற ஒரே காரியம். எனக்குப் பிள்ளையா குட்டியா? இதுதான் இருக்கிறது. யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும். நான் யானை இல்லை. அதை என்னிடம் கேட்காதே.

தவிர, இது உனக்கு நல்லதாகவே முடியலாம். மேஜை வேலை. மரியாதை இருக்கிறது. நாளைக்கு முதுகு வலித்தால் டிராலி தள்ள முடியுமா? அ முனையில் அப்படி என்ன கெட்டுப்போய்விட்டது? நான் இத்தனை வருஷம் அங்கேதான் குடியிருக்கிறேன். கொஞ்ச நாள் இருந்து பார், பழகிவிடும்.

அந்தத் தையல்காரர் முழுசாக எழுந்த பிறகு கடலைப் பற்றி ஏதாவது சொன்னாரா? சும்மா கேட்கிறேன். பஸ்ஸில் வரும்போது நினைப்பு வந்தது.

கோபித்துக்கொள்ளாதே. எழுது.

அக்கா


ஏப்ரல் 21

அக்காவுக்கு,

பொருள்: நலம் குறித்து.

1. நலம். நீயும் அத்தானும் நலமா?

2. புதிய அலுவலகம் வசதியாக இருக்கிறது. ஜன்னல் இல்லை, தேவைப்படவும் இல்லை. நான் வந்த பிறகு ஆபரேஷன்கள் தாமதமாவது வெகுவாகக் குறைந்திருக்கிறது. மயக்கம் தெளியும் அறையில் நோயாளிகள் அவசியத்துக்கு மேல் படுத்திருப்பதைக் கவனித்து, விரைவில் எழுப்பி அனுப்பும்படி கடிதம் அனுப்பினேன். பலன் தெரிகிறது.

3. நீ கேட்ட தையல்காரர் பற்றி விவரம் நினைவில் இல்லை. அங்கே கடல் எதுவும் இருந்திருக்க வாய்ப்பில்லை.

4. நீ சொன்னபடி பழகிவிட்டது.

5. உன் சென்ற கடிதத்தின் உறையில் கதவு எண் விடுபட்டிருந்தது. இனிக் கவனிக்கவும்.

6. பதிலுக்கு அவசரமில்லை. எழுதினால் சுருக்கமாக எழுதவும்.

தம்பி


மே 12

தம்பி, என் செல்லமே,

உன் கடிதம் சாப்பாட்டு மேஜைமேல் கிடந்தது. அத்தான் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு ஒரு பார்வை பார்த்துவிட்டு, "யாருக்கு எழுதியிருக்க? ஆபீஸ் லெட்டரா?" என்றார்.

"நான் எழுதல" என்றேன்.

"நீ எழுதினதுதானே? உன் பேச்சு மாதிரியே இருக்கு."

"அவன் எழுதினது."

அவர் கடிதத்தைத் திரும்ப மேஜைமேல் வைத்தார். அடுப்படிக்குப் போய்த் தண்ணீர் கொதிக்கவைத்தார். நான் உன் கடிதத்தை மறுபடி படித்தேன். மூன்றாவது எண்ணுக்கு வந்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் ஜனவரியில் உன்னிடம் சொன்ன அதே பதில். நான் சொன்னபோது அது எவ்வளவு சரியாக இருந்தது!

நான் பகலில் தூங்குகிறவள் இல்லை. அன்றைக்கு நாற்காலியில் சாய்ந்தபடியே கண்ணயர்ந்துவிட்டேன். எங்கள் கூடத்தில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. சத்தமே இல்லாமல், செருப்புகளையும் செய்தித்தாளையும் தூக்கிக்கொண்டு, பச்சையாக, மெதுவாக வந்தது. அழகாகக்கூட இருந்தது. "இங்க கடல் இல்ல, இங்க கடல் இல்ல" என்று நான் அதட்டிக்கொண்டே இருக்கிறேன். அது காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. முழங்காலுக்கு வந்தது, இடுப்புக்கு வந்தது. கேட்டைச் சாத்த யாராவது இருக்கிறார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தேன். யாருமில்லை.

மறுநாள் இயக்குநரின் அறைக்குப் போய், உன் முடிவு செல்லாது என்று எழுதிய கடிதத்தைக் கொடுத்தேன். படித்துவிட்டு, "உங்க தம்பிக்கு நல்ல போஸ்ட்தானேம்மா கிடைச்சிருக்கு? ஆஸ்பத்திரியும் சந்தோஷமா இருக்கு. இப்ப யார் குறை சொன்னா?" என்று கேட்டார்.

"நான்தான் சார்."

"ஆறு வருஷ உழைப்பு."

"தெரியும் சார். உழைச்சது நான்தானே."

"ஒரு ராத்திரி யோசிச்சிட்டு வாங்களேன்."

"யோசிச்சா கொடுக்க மாட்டேன் சார். அதான் இப்பவே கொடுக்கிறேன்."

எல்லா ஊரிலிருந்தும் திரும்பப் பெறுகிறார்கள். என்னை அறையிலிருந்து வெளியே எடுத்து, கூடத்தில் ஒரு மேஜை போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். மற்றவர்களின் கேள்விகளில் பிழை பார்க்கிறேன். மனைவி–மாமியார்க்காரருடைய தேர்வுக்கு இப்போது நல்ல கிராக்கி. வருஷக் கடைசிக்குள் நான் புதிதாக எழுதிக் கொடுத்தால் பார்க்கலாம் என்று இயக்குநர் சொல்லியிருக்கிறார்.

அக்கா எவ்வளவு பெரிய மனசுக்காரி என்று நீ கண் கலங்க வேண்டாம். எனக்கு வயிறு எரிகிறது. கட்டுக் கட்டாகத் திரும்பி வருவதைப் பார்க்கும்போதெல்லாம் உன் காதைத் திருக வேண்டும் போல இருக்கிறது. உன்னை வருஷக்கணக்காக இந்தப் பக்கம் இழுத்தவள் நான், நீ வந்ததும் தாங்க முடியாமல் போனவளும் நான். இங்கே நான் ஒருத்தி போதும்டா. நீ போ.

புதுக் கேள்வி எழுத வெள்ளைத் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அ வந்துவிட்டது. ஆ வரவில்லை. நீ மழையைப் பார்த்துக்கொண்டு நின்றாய் என்று எனக்குத் தெரியும். துணியை வாரிக்கொண்டு ஓடுகிற அவசரத்தில் உன் முதுகைத்தான் பார்த்திருக்கிறேன். நீ என்ன பார்த்தாய் என்று எனக்குத் தெரியாது, ஒரு நாளும் கேட்டதில்லை. இது தெரியாமலே ஆறு வருஷம் உன்னை எழுதியிருக்கிறேன்.

உன் அறையில் ஒரு நாள் மூலையில் வந்து உட்காரட்டுமா? பெரிய சிஸ்டரிடம் கேட்டுச் சொல். வாயைத் திறக்க மாட்டேன். சத்தியமாக.

அக்கா


ஜூன் 6

அன்புள்ள அக்கா,

உன் கனவில் கடல் வந்ததைப் படித்ததும்தான் அந்தத் தையல்காரர் எனக்கு மறுபடி நினைவுக்கு வந்தார். உங்கள் நிறுவனத்திலிருந்து கடிதம் வந்த அன்று பணியாளர் அதிகாரி முகத்தில் ஈயாடவில்லை. தேர்வு செல்லாது என்றால் பழைய முறைதான், அந்தந்த அறையின் தலைமை சொல்வதுதான். பெரிய சிஸ்டரைக் கூப்பிட்டார். "மறதி ஜாஸ்தி. பிரேக் போட மாட்டான். போன மாசம் சீக்கிரம் எழுப்புங்கன்னு எனக்கே லெட்டர் போட்டான், அத நான் மறக்க மாட்டேன்" என்று ஆரம்பித்தார். போச்சு என்று நினைத்தேன். பிறகு என்னைப் பார்த்துவிட்டு, "ஆனா அந்த ஸ்டூல் அவனுக்குத்தான்" என்றார். நிரந்தரமாக்கிவிட்டார்கள் அக்கா.

உன் கேள்விகளை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. நல்ல கேள்விகள். என் காதைத் திருகுவதாக இருந்தால் திருகிக்கொள், நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

திரும்பி வந்த முதல் நாளே தப்புச் செய்துவிட்டேன். ஒரு டிரைவர் கண்ணை மூடியபடி, "எல்லாரும் ஏறியாச்சா? வண்டிய எடுக்கலாமா?" என்று கேட்டார். என் வாயிலிருந்து, "இது ஆஸ்பத்திரி. உங்களுக்கு ஆபரேஷன் முடிஞ்சிடுச்சு" என்று வந்தது. சொன்ன குரல் உன்னுடையது. அவர் முகம் சட்டென்று மூடிக்கொண்டது. கண்ணைத் திறந்தபோது முழுக்கப் பயம். கழிவறைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வெகுநேரம் நின்றேன். அந்த மேஜையில் எதையோ தொலைத்துவிட்டேன், இனி அது வராது என்றுதான் நினைத்தேன்.

இரண்டு வாரம் எதுவும் பேசாமல் சும்மா உட்கார்ந்திருந்தேன். பச்சைத் திரையைப் பார்த்தேன், மூச்சு வருவதையும் போவதையும் பார்த்தேன். பெரிய சிஸ்டர் டிராலியின் பிரேக்கை மட்டும் பார்த்துவிட்டுப் போவார். நேற்று ஒரு பள்ளிக்கூட டீச்சரைக் கொண்டுவந்தார்கள். வெயில் தரையில் அசைந்துகொண்டிருந்தது. அவர் எங்கேயோ தூரத்திலிருந்து, "எல்லாரும் வந்தாச்சா?" என்றார்.

"இன்னும் ஒருத்தர் வரணும் டீச்சர்" என்றேன்.

"யாரு?"

"வந்துகிட்டே இருக்காங்க."

"அப்ப கதவத் தெறந்தே வை. வரட்டும்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு முகத்தில் இருக்கும்போதே கண்ணைத் திறந்தார்.

யோசித்துச் சொன்ன பதில் இல்லை அது. வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் யாரை நினைத்துச் சொன்னேன் என்று தெரிந்தது.

வா அக்கா. பெரிய சிஸ்டர் சரி என்று சொல்லிவிட்டார். செருப்பை வெளியே விட வேண்டும், பச்சைத் தொப்பி போட்டுக்கொள்ள வேண்டும், உனக்கும் ஒரு ஸ்டூல் போட்டுவைக்கிறேன். ஆனால் மூலையில் இல்லை, கட்டிலுக்குப் பக்கத்தில். வாயைத் திறக்க மாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறாயே, அதை வாபஸ் வாங்கிக்கொள். கண் திறக்காதவர் யாராவது உன்னிடம் ஒரு கேள்வி கேட்பார். நீ பதில் சொல்லியாக வேண்டும். என்ன பதில் என்று என் முகத்தைப் பார்க்காதே, எனக்கும் தெரிந்திருக்காது.

தம்பி